சோறு எங்கிருந்து வந்தது?

எழுத்தாளர்கள் கூடுகிற இடங்களில் புத்தகம், ரேடியோ, டி.வி. என்று அவரவர் தொழில் அனுபவத்தைச் சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எழுதிய காலத்தில் சோறு எங்கிருந்து வந்தது என்று யாரும் நேராகக் கேட்பதில்லை. அந்தக் கேள்வியை வைத்து வரலாற்றைப் பார்க்கலாம்.

எங்கள் நெல்லைச் சீமையில் எழுத்தையே நம்பிப் பிழைத்தவர் புதுமைப்பித்தன். பத்திரிகை, மொழிபெயர்ப்பு, கடைசியில் சினிமா. 1948-இல் காசநோயில் செத்தபோது வயது 42. தாசில்தார் மகன், பி.ஏ. படித்தவர். அவருக்கே அந்தக் கதி.

பிறகு மாதச் சம்பளம் கொடுத்தது ரேடியோ. தி. ஜானகிராமன், அகிலன் போன்றோர் அங்கே வேலை பார்த்தார்கள். திருநெல்வேலி நிலையம் 1963-இல் வந்தது, மெட்ராஸில் டி.வி. 1975-இல். பாபநாசத்தில் மில்லு வேலை முடிந்து வந்தவர்களோடு உட்கார்ந்து நாங்களும் ரேடியோ நாடகம் கேட்டோம். "ஏலே, இவுக பேசுதது நம்ம பேச்சு மாதிரி இல்லியே" என்பாள் எங்க பாட்டி. அதைவிடச் சரியான விமர்சனத்தை நான் இதுவரை படிக்கவில்லை.

நம்மவர்கள் எழுதாமல் இல்லை. 1893-இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907-இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' கொண்டுவந்தார். வாசகன் கையில் இருந்த காசே பத்திரிகையின் பேரானது. அவருக்குச் சோறு போட்டது சித்த வைத்தியம். பத்திரிகையைத் தாங்கியவர்களில் கோலார் தங்கவயல் தொழிலாளர்களும் உண்டு.

பின்னால் வந்தவர்களையும் பாருங்கள். 'பிறகு' (1979) எழுதிய பூமணி கூட்டுறவுத் துறை அதிகாரியாக இருந்தவர். சோ. தர்மன் பஞ்சாலைத் தொழிலாளியாக இருந்தவர். இருவரும் தலித் எழுத்தாளர் என்ற அடையாளத்தை ஏற்காதவர்கள். அது வேறு விவாதம். இமையம் பள்ளி ஆசிரியராக இருந்தவர். பாமா துறவற மடத்தை விட்டு வெளியே வந்து, கையில் எதுவுமில்லாமல் நின்ற நேரத்தில் எழுதியது 'கருக்கு' (1992). இவர்கள் யாரும் எழுத்தை வித்துப் பொழைக்கல. எந்த முதலாளிக்காகவும் பேச்சை மாத்த வேண்டி வரல. இது இழப்பு மட்டுமல்ல, பலமும்கூட.

ஆனால் அந்த வேலையும் இல்லாதவர்கள்? 1999-இல் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம், ஞான. அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகளை வெளியிட்டது. அதே ஆண்டு ஜூலை 23-இல் மாஞ்சோலை எஸ்டேட் தொழிலாளர்களுக்காகக் கலெக்டர் ஆபீசுக்குப் போன ஊர்வலத்தைப் போலீஸ் அடித்துத் துரத்தியது. தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். முக்கால் நூற்றாண்டுக்கு மேல் புதைந்து கிடந்த நம் எழுத்து வெளியே வந்த ஆற்றங்கரையில்தான் நம் சனம் செத்தது.

அந்தச் சாவை ஆர்.ஆர். சீனிவாசன் ஆவணப்படமாக எடுத்தார். கட்டுரைகளும் வந்தன. மலையில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவள் தானே எழுதிய புத்தகம் எங்கே? நாள் முழுக்கப் பீடி சுற்றுகிறவளுக்குப் பேனா பிடிக்க நேரம் ஏது?

2024-இல் விருப்ப ஓய்வு என்று சொல்லி மாஞ்சோலைத் தொழிலாளர்களை மலையிலிருந்து இறங்கச் சொன்னார்கள். சனம் சிதறினால் பேச்சும் சிதறும். மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது: போய் உட்கார்ந்து கேளுங்கள், அவர்கள் பேச்சிலேயே எழுதுங்கள். சொன்னவள் சம்மதித்தால் அவள் பேரைப் போடுங்கள். காசு வந்தால் அவளுக்கும் பங்கு கொடுங்கள். எழுத்துத் தொழிலின் நியாயம் அங்கிருந்து தொடங்கட்டும்.