உயர்த்திய பிக்கப்பும் கண்ணுக்குத் தெரியாத தண்டுகளும்

கனடாவிலும் அமெரிக்காவிலும் வாழும் நம்மவர்களுக்கு நெடுஞ்சாலைகளில் அடிக்கடி கண்ணிற்படும் காட்சியொன்று உண்டு. சாதாரண பிக்கப் வண்டியொன்று ஏணி வைத்து ஏறவேண்டிய உயரத்தில், உழவு இயந்திரத்தின் சில்லுகளை ஒத்த ரயர்களுடன் விரைந்து செல்லும். இது செல்வந்தரின் வீண் விளையாட்டு என்று சிலர் கருதலாம். ஆயினும், இதற்குப் பின்னால் முக்கால் நூற்றாண்டு வரலாறு இருக்கிறது. அவ்வரலாற்றில் வண்டியின் உயரத்தைப் பற்றிப் பேசியவர்கள் பலர். அந்த உயரத்தைத் தாங்கிய ஸ்பிரிங்குகளையும் ஸ்டியரிங் தண்டுகளையும் பற்றிப் பேசியவர்கள் மிகச் சிலரே.

இரண்டாம் உலகப் போர் முடிவுற்றபோது, நான்கு சில்லுகளுக்கும் உந்துவிசை வழங்கும் வண்டிகளின் பயனை அமெரிக்கப் படையினர் நன்கு அறிந்திருந்தனர். போர்க்கால அனுபவத்தைக் கொண்டு டொட்ஜ் நிறுவனம் 1946இல் 'பவர் வேகன்' என்னும் வண்டியைப் பொதுமக்களுக்கு விற்கத் தொடங்கியது. போர்ட் நிறுவனமோ 1959இலேயே இத்தகைய பிக்கப்புகளைத் தன் சொந்தத் தொழிற்சாலையில் தயாரித்தது. அதற்கு முன்னர் அதன் வண்டிகளை மார்மன்-ஹெரிங்டன் என்ற வேறொரு நிறுவனமே நான்கு சில்லு இயக்கத்திற்கு மாற்றிக் கொடுத்து வந்தது. விவசாயிகளும் வனத்துறையினரும் கட்டடத் தொழிலாளரும் வாங்கிய இவ்வண்டிகள், காலப்போக்கில் வார இறுதி விளையாட்டிற்கும் உரியனவாயின. சேற்றிலும் பாறையிலும் செல்லப் பெரிய ரயர் தேவைப்பட்டது. பெரிய ரயர் மட்கார்டில் உரசாதிருக்க வண்டியை உயர்த்த வேண்டியதாயிற்று.

மிசூரி மாநிலத்தின் சென் லூயிஸ் நகரப் பகுதியைச் சேர்ந்த பொப் சாண்ட்லர் ஒரு கட்டடத் தொழிலாளி. அவரிடம் 1974ஆம் ஆண்டின் போர்ட் எஃப்-250 வண்டியொன்று இருந்தது. அதைக் கரடுமுரடான நிலங்களில் ஓட்டி உடைப்பதும் திருத்துவதும் அவரது வழக்கம். உதிரிப்பாகங்கள் அப்பகுதியில் எளிதிற் கிடைக்காத காரணத்தால், மனைவி மரிலினுடனும் நண்பர் ஜிம் கிரேமருடனும் சேர்ந்து 1970களின் நடுப்பகுதியில் தாமே ஒரு கடையைத் திறந்தார். அக்ஸிலரேட்டரை அளவுக்கு மீறி அழுத்தும் அவரது பழக்கத்தைக் கேலி செய்து வைக்கப்பட்ட 'பிக்ஃபுட்' என்னும் பட்டப்பெயர் வண்டிக்கும் ஒட்டிக்கொண்டது.

ஒரு வண்டியை உயர்த்துவது பார்வைக்கு எளிய வேலை. நீளமான ஸ்பிரிங்கைப் பூட்டினால் அது உயர்ந்துவிடும். சிக்கல் அதன் பின்னரே தொடங்குகிறது. ஸ்டியரிங் பெட்டி மேலே சேஸியில் இருக்கிறது. அது திருப்பவேண்டிய சில்லுகளோ கீழே அச்சில் இருக்கின்றன. இரண்டையும் இணைப்பது ஒரு தண்டு. தொழிற்சாலையில் அந்தத் தண்டைக் கூடியவரை கிடையாகவே அமைத்திருப்பார்கள். சேஸியை ஆறு அங்குலம் உயர்த்தினால் தண்டு சரிந்துவிடும். பின்னர் ஒரு பள்ளத்தில் விழுந்து அச்சு மேலெழும்போது, சரிந்த தண்டு நிமிர்ந்து சில்லைத் தள்ளும். அப்போது சாரதி கையை அசைக்காமலே வண்டி திரும்பும். மெக்கானிக்குகள் இதனை 'பம்ப் ஸ்டியர்' என்பர். அச்சு சற்றே சுழன்றுவிட்டால் 'காஸ்டர்' என்னும் கோணமும் குறைந்துவிடும். திருப்பிய சில்லு தானாகவே நேராவதற்கு அக்கோணமே காரணம். அது குறைந்த வண்டி நேர்வீதியிலும் அலைபாயும்.

ஆகவேதான் தேர்ந்த கராஜ்களில் ஸ்பிரிங்கை மாற்றுபவர் ஸ்டியரிங் பாகங்களையும் உடன் மாற்றுகிறார். தண்டை மீண்டும் கிடையாக்குவதற்குக் கீழ்நோக்கி வளைந்த 'பிட்மன் ஆர்ம்' பூட்டப்படுகிறது. பழையதைக் கழற்றப் 'புள்ளர்' கருவியையே பயன்படுத்த வேண்டும். சுத்தியலால் அடித்தால் ஸ்டியரிங் பெட்டியின் உட்பாகங்கள் சேதமடையும். இழந்த காஸ்டர் கோணத்தை மீட்க, ஸ்பிரிங்கிற்கும் அச்சிற்கும் இடையே ஆப்பு வடிவத் தகடு வைக்கப்படுகிறது. தண்டின் மூட்டை இறுக்கும் நட்டின் வெட்டும் துளையும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிடின், இன்னும் சற்று இறுக்கியே கொட்டர் பின்னைச் செருக வேண்டும், ஒருபோதும் தளர்த்தக்கூடாது. சில்லுகளை இருபுறமும் முழுமையாகத் திருப்பி, பிரேக் குழாய்கள் இழுபடுகின்றனவா என்று பார்க்க வேண்டும். இறுதியில் வீல் எலைன்மன்ட் செய்ய வேண்டும். சில நூறு மைல்கள் ஓடிய பின்னர் ஒவ்வொரு நட்டையும் மறுபடி இறுக்கிச் சரிபார்க்க வேண்டும்.

சாண்ட்லரின் வண்டி வளர வளர இந்தச் சிக்கலும் வளர்ந்தது. இராணுவ லொறிகளின் கனத்த அச்சுகளை அவர் பொருத்தினார். மிகப் பெரிய சில்லுகளை முன்புற ஸ்டியரிங் மட்டும் கொண்டு குறுகிய இடத்தில் திருப்புவது கடினமாதலால், பின்சில்லுகளும் திரும்பும் ஏற்பாட்டைச் செய்தார். 1979இல் டென்வர் நகரில் வண்டி பொதுமக்கள் முன் தோன்றியபோது பலரையும் வியக்க வைத்த அம்சங்களுள் இதுவும் ஒன்று. 1981இல் ஒரு வயலில் இரண்டு பழைய கார்களின் மீது ஏறி அவற்றை நசுக்கினார். அந்த வீடியோவைக் கண்ட ஒருவர், இதனை மக்கள் முன்னிலையிலும் செய்யுமாறு கேட்டார். 66 அங்குல ரயர்கள் பூட்டிய இரண்டாவது பிக்ஃபுட்டும் விரைவில் வந்தது. அமெரிக்காவின் அரங்குகள் நிரம்பின.

காட்சி வளர்ந்தபோது ஆபத்தும் வளர்ந்தது. விறைப்பான ஸ்பிரிங்குகளுடன் கார்களின் மீது தாவிய வண்டிகள் சாரதியின் முதுகெலும்பையும் பதம்பார்த்தன. 1988இல் சாண்ட்லரும் வேறு சிலரும் இணைந்து மொன்ஸ்டர் ட்ரக் ஓட்டப் பந்தயச் சங்கத்தை நிறுவி, வண்டிகளின் கட்டமைப்பிற்கும் பாதுகாப்பிற்கும் விதிகளை வகுத்தனர். வண்டி சாரதியின் கையை மீறினால், வெளியில் நிற்பவர் தொலைவிலிருந்தே இயந்திரத்தை நிறுத்தும் கருவி இவ்விளையாட்டில் நிலைபெற்றது. மறு ஆண்டில் சாண்ட்லர், கணினியின் துணையுடன் வடிவமைத்த குழாய்ச் சட்டகத்தையும் நைட்ரஜன் வாயு நிரப்பிய ஷொக் அப்சோபர்களையும் கொண்ட எட்டாவது பிக்ஃபுட்டை உருவாக்கினார். இலைத் தகடு ஸ்பிரிங்குகளின் காலம் அத்துடன் இவ்விளையாட்டில் மங்கத் தொடங்கியது.

அரங்கிற்குள் இவ்வாறு ஒழுங்கு வந்தது. வீதியில் நிலைமை வேறு. வீட்டு முற்றத்தில் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிவிட்டு, ஸ்டியரிங் தண்டைத் தொடாமல் விட்டவர்கள் பலர். பம்பரும் சேஸியும் எவ்வளவு உயரத்தில் இருக்கலாம் என்பதற்குப் பல மாநிலங்கள் எல்லை வகுத்தன. பின்னாளில் முன்புறத்தை மாத்திரம் உயர்த்தி, பின்புறத்தைத் தாழ்த்தும் 'கரோலினா ஸ்குவாட்' என்னும் மோகம் பரவியது. அவ்வாறு நிமிர்ந்த வண்டியின் சாரதிக்கு முன்னால் செல்பவரே தெரிவதில்லை. வட கரோலினா 2021 டிசம்பர் முதல் இதனைத் தடை செய்தது. உயிரிழப்பு ஏற்பட்ட விபத்தொன்றின் பின்னர் வேர்ஜினியா 2022இலும், தென் கரோலினா 2023இலும் அவ்வழியே சென்றன.

பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் என்ற வகையில் எனக்கு இங்கே ஒரு சொற்றொடர் நினைவுக்கு வருகிறது. 'வேகக் கட்டுப்பாட்டை இழந்த வாகனம் வீதியை விட்டு விலகி' என்பது எங்கள் விபத்துச் செய்திகளில் அச்சுக்குப் பழகிப்போன வாசகம். ஒரு வாகனம் கட்டுப்பாட்டை இழப்பதற்கு வேகம் மாத்திரமே காரணமன்று. தளர்ந்த நட்டும், செருகப்படாத பின்னும், சரிந்த தண்டும் காரணமாகலாம். அவை எந்தத் தலைப்பிலும் இடம்பெறுவதில்லை. நசுங்கிய கார்களின் படங்களை உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அந்த வண்டி குறித்த இடத்தில் திரும்பி, குறித்த இடத்தில் நின்றதற்கு எத்தனை மணிநேர உழைப்பு தேவைப்பட்டது என்பதை அதனைப் பூட்டியவர்களே அறிவர்.

வெளிநாட்டில் வாழும் நம் இளைஞர்கள் சிலருக்கும் இவ்வண்டிகளின் மீது ஆசை இருப்பதை அறிவேன். ஆசையில் தவறில்லை. பழைய வண்டியை உயர்த்தி விற்பவரிடம் விலை பேசுமுன், அதன் அடியிற் படுத்து ஸ்டியரிங் தண்டு எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று பார்த்துவிடுங்கள்.