நீளமா, உயரமா: கம்பம் பள்ளத்தாக்கில் துறவி நண்டுக்கு ஒரு தொட்டி

மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்று ஒரு தொட்டி. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்று இன்னொன்று. பெருக்கிப் பார்த்தால் இரண்டும் 3 கன அடி, ஏறக்குறைய 85 லிட்டர். மூடியை விட்டுவிட்டால் இரண்டுக்கும் பிடிக்கும் கண்ணாடியும் சரியாக 11 சதுர அடிதான். தேனியிலோ கம்பத்திலோ கண்ணாடிக் கடையில் அளவைச் சொல்லி ஒட்டித் தரச் சொன்னால் கண்ணாடிச் செலவில் வித்தியாசம் வராது. அதனால்தான் வாங்குபவர் வீட்டில் எந்த இடம் காலியாக இருக்கிறது என்பதை மட்டும் பார்த்து முடிவெடுக்கிறார். மூலையில் ஸ்டூல்தான் இருந்தால் உயரத் தொட்டி, சுவரோரம் மேடை இருந்தால் நீளத் தொட்டி. உள்ளே இருக்கப்போகிற நண்டுக்கு இந்த இரண்டும் வெவ்வேறு வாழ்க்கை.

முதலில் எந்த நண்டு என்று தெளிவாகிவிட வேண்டும். ராமேஸ்வரத்திலும் தூத்துக்குடியிலும் கரையோரத் தண்ணீரில் சங்கைச் சுமந்துகொண்டு நடப்பவற்றில் பல, கடல்நீரிலேயே வாழும் துறவி நண்டுகள். அவற்றை எடுத்துவந்து மணலில் விட்டால் செத்துப்போகும். இங்கே பேசுவது கோயனோபிட்டா பேரினத்து நிலத் துறவி நண்டைப் பற்றி. அதற்குச் செவுள் உண்டு, ஆனால் தண்ணீருக்குள்ளேயே இருந்தால் மூச்சுமுட்டிச் செத்துப்போகும். காற்றைத்தான் மூச்சாக வாங்குகிறது. அந்தக் காற்று ஈரமாக இருக்க வேண்டும். ஈரப்பதம் 75 முதல் 85 விழுக்காடும், வெப்பம் 24 முதல் 29 டிகிரி செல்சியஸும் இருந்தால் நன்றாக இருக்கும். காற்று காய்ந்தால் செவுள் காய்கிறது. நண்டு உடனே சாவதில்லை, நாள்கணக்கில் சோர்ந்து, சங்கை விட்டுத் தொங்கி, பிறகு சாகிறது. பலர் அதைத் தூக்கம் என்று நினைத்துவிடுகிறார்கள்.

கடல் எந்தப் பக்கமும் பக்கத்தில் இல்லாத ஊர் நம்முடையது. மேற்கே ஏலமலை, கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலையும். ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று மலையிடுக்கு வழியாக இறங்குகிறது. கூடலூரிலும் கம்பத்திலும் சாரலைத் தூவிவிட்டு வரும் அதே காற்று, தேனியையும் ஆண்டிபட்டியையும் சேரும்போது ஈரத்தை உதிர்த்துவிட்டு வெறும் காற்றாக வீசுகிறது. கண்டமனூர்ப் பக்கம் காற்றாலைகள் நிற்பது இந்தக் காற்றை நம்பித்தான். சித்திரை, வைகாசியில் வெயில். மார்கழி இரவில் கூடலூர்ப் பக்கம் நல்ல குளிர். கடற்கரை உயிர் ஒன்றை இங்கே வைத்துக் காப்பாற்ற வேண்டுமானால் தொட்டியின் வடிவத்துக்குக் கடற்கரையில் இருப்பதைவிட இங்கே வேலை அதிகம்.

இரண்டு தொட்டிகளையும் மணலிலிருந்து அளக்கத் தொடங்குவதே சரி என்பது என் கட்சி. நிலத் துறவி நண்டு வளரும்போது மேலோட்டைக் கழற்றிப் போட்டுப் புதிய ஓடு பூணுகிறது. அதற்காக மண்ணுக்குள் போய்விடும். சிறிய நண்டு சில வாரம், பெரிய நண்டு இரண்டு மூன்று மாதம்கூட உள்ளேயே கிடக்கும். கழற்றிய பழைய ஓட்டையே தின்று, அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். நம் வயல் நண்டைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். முல்லைப் பெரியாற்றுப் பாசனத்தில் இருபோகம் விளையும் வயல்களின் வரப்பில் கைவிட்டால், மேல்மண் காய்ந்திருந்தாலும் வளையின் அடியில் விரல் நனையும். நண்டு அந்த ஈரத்தைத் தேடித்தான் அவ்வளவு ஆழம் தோண்டுகிறது. தொட்டி மணலும் அப்படி இருக்க வேண்டும்: உள்ளங்கையில் அள்ளிப் பிடித்தால் உருண்டையாக நிற்கும், பிழிந்தால் தண்ணீர் சொட்டாது. ஐந்து பங்கு மணலுக்கு ஒரு பங்கு தென்னை நார்க்கழிவு நல்ல கலவை. தென்னந்தோப்பு நிறைந்த பள்ளத்தாக்கில் நார்க்கழிவுக்குப் பஞ்சமில்லை. உப்பு போக நான்கைந்து முறை அலசிவிட்டுப் போட வேண்டும். கூர் விளிம்புள்ள எம்-சாண்ட் வேண்டாம்.

ஆழம் குறைந்தது அரை அடி, அல்லது இருப்பதில் பெரிய நண்டின் உயரத்தைப் போல மூன்று மடங்கு, இதில் எது கூடுதலோ அது. அரை அடி மணலைப் போட்டதும் நீளத் தொட்டியில் மேலே மிஞ்சுவது அரை அடி. உயரத் தொட்டியில் ஓரடி மிஞ்சுகிறது. இந்த இடத்தில் உயரத் தொட்டிக்கு ஒரு புள்ளி போட்டே ஆக வேண்டும். நண்டுகள் வளர வளர மணலை எட்டு அங்குலத்துக்கு ஏற்ற வேண்டி வரும். அப்போது நீளத் தொட்டியில் நான்கு அங்குலம்தான் காற்றுவெளி. ஒரு மரக்கிளையைக்கூட நிறுத்த முடியாது. உயரத் தொட்டியில் பத்து அங்குலம் இருக்கும்.

ஆனால் ஆழம் ஒன்றே போதாது, பரப்பும் வேண்டும். நீளத் தொட்டியின் தரை 3 சதுர அடி, உயரத் தொட்டியின் தரை 2 சதுர அடி. துறவி நண்டு கூட்டமாக வாழும் உயிர், தனியாக வைப்பது அதற்குக் கொடுமை. குறைந்தது மூன்று நான்கு சேர்ந்து இருக்க வேண்டும். இதில் ஒன்று ஓடு கழற்ற மண்ணுக்குள் போனபின் இன்னொன்று அதே இடத்தில் தோண்டினால் வினைதான். ஓடு கழற்றிய நண்டின் உடம்பு பஞ்சு போல இருக்கும். தோண்டிப்போன நண்டு அதைத் தின்றுவிடும். வீட்டில் வளர்ப்பவர்கள் மண்ணைக் கிளறிப் பார்த்து வெறும் சங்கைக் கண்டெடுக்கும் சோகத்துக்குப் பெரும்பாலும் காரணம் இட நெருக்கடிதான். 2 சதுர அடித் தரையில் ஒரு நல்லதண்ணீர்க் கிண்ணம், ஒரு உப்புத்தண்ணீர்க் கிண்ணம், தீனித் தட்டு, மாற்றிக்கொள்ளச் சில காலிச் சங்குகள் என்று வைத்தபின் தோண்ட எவ்வளவு மிஞ்சும்? கிண்ணங்கள் நண்டு முழுதாக நனையும் ஆழம் இருக்க வேண்டும் என்பதால் அவற்றைச் சிறிதாக்கவும் முடியாது. என் கணக்கில் இந்த ஒரு சதுர அடி வித்தியாசம்தான் மற்ற எல்லாவற்றையும்விடக் கனமானது.

உப்புத்தண்ணீர் என்றதும் சமையல் உப்பைக் கரைத்துவிட வேண்டாம். மீன்தொட்டிக் கடையில் விற்கும் கடல் உப்புக் கலவைதான் வேண்டும். நல்லதண்ணீரும் குளோரின் நீங்கியதாக இருக்க வேண்டும்.

காற்று விஷயத்துக்கு வருவோம். உயரத் தொட்டிக்கு ஆதரவாகச் சொல்லப்படும் பெரிய காரணம், அதன் வாய் சிறியது என்பது. 2 சதுர அடி வாயில் போகும் ஈரம், 3 சதுர அடி வாயில் போவதைவிடக் குறைவு. கம்பிவலை மூடி போட்டிருந்தால் இது முழு உண்மை. ஆடிக் காற்றில் கம்பிவலை மூடிய நீளத் தொட்டிக்குக் காலையில் தண்ணீர் தெளித்தால் மாலைக்குள் மேல்மணல் வெளுத்துவிடும். ஆனால் இது மூடியின் குற்றம், தொட்டியின் குற்றமில்லை. கம்பிவலையை எடுத்துவிட்டு ஒரு பக்கம் விரற்கடை இடைவெளி விட்டுக் கண்ணாடிப் பலகையால் மூடினால் வித்தியாசம் அநேகமாக மறைந்துவிடும். ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் கருவி விலை அதிகமில்லை. அதை மணலுக்குச் சற்று மேலே, நண்டு மூச்சுவிடும் உயரத்தில் ஒட்ட வேண்டும். மூடிக்குப் பக்கத்தில் ஒட்டினால் வேறு கணக்குக் காட்டும்.

ஈரத்தில் உயரத் தொட்டிக்கு ஒரு கெடுதலும் உண்டு. ஒடுங்கிய தரையில் ஆழமாக மணல் கொட்டி, மேலே காய்கிறதே என்று தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தால் அடியில் தேங்கும். வடிய வழியில்லை. அடிமணல் கறுத்து, அழுகிய முட்டை வாடை வந்தால் உள்ளே ஓடு கழற்றிக் கிடக்கும் நண்டுக்கு அதுவே சமாதி.

வெப்பத்தில் நீளத் தொட்டி சந்தேகமில்லாமல் மேல். துறவி நண்டு தன் உடம்புச் சூட்டைத் தானே வைத்துக்கொள்ளும் உயிர் இல்லை. இடம் மாறித்தான் சூட்டையும் குளிரையும் சரிக்கட்டுகிறது. மார்கழிக் குளிரில் வெப்பப் பட்டையைத் தொட்டியின் ஒரு கோடியில், மணல்மட்டத்துக்கு மேலே, வெளிக் கண்ணாடியில் ஒட்டினால் ஒரு முனை கதகதப்பு, மறுமுனை குளிர்ச்சி. மூன்றடி நடந்து நண்டு தனக்குப் பிடித்த இடத்தைத் தேர்ந்துகொள்ளும். உயரத் தொட்டியில் சூடு மேலே போய் நிற்கும், தரை முழுக்க ஒரே குளிர். அதற்காகப் பட்டையை அடியில் ஒட்டினால் மண்ணுக்குள் இருப்பது வெந்துபோகும்.

ஏறுவதற்கு உயரத் தொட்டிதான் தோது என்பார்கள். உண்மைதான், இவை ஏறப் பிறந்தவை. உத்தமபாளையத்தில் ஒரு வீட்டில் உயரத் தொட்டியின் முன் உட்கார்ந்து பார்த்தேன். கட்டைவிரல் பருமன் சங்கு சுமந்த நண்டு ஒன்று, மூலையில் கண்ணாடியை ஒட்டிய சிலிக்கான் தடத்தைக் காலால் பற்றி, உணர்கொம்பால் மேலே தடவித் தடவி மூடி வரை போய்விட்டது. பிடி நழுவியதும் ஓரடி கீழே, நேராகப் பீங்கான் கிண்ணத்தின் விளிம்பில் விழுந்தது. சங்கு தெறித்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. உயரம் கொடுத்தால் கீழே மண் மெத்தையும் கொடுக்க வேண்டும். 2 சதுர அடித் தரையில் கிண்ணத்தின்மேல் விழாமல் வேறு எங்கே விழும்?

ஏறக் கொடுக்கும் கட்டையைப் பற்றியும் நம் ஊருக்கென்று ஓர் எச்சரிக்கை. திராட்சைக் கொடியின் முற்றிய கட்டை நண்டுக்கு ஏற்றது என்று உலகமெங்கும் பயன்படுத்துகிறார்கள். கம்பம் பன்னீர் திராட்சை விளையும் தோட்டங்களில் கவாத்து முடிந்ததும் அந்தக் கட்டை குவியலாகக் கிடக்கும், சும்மாவே தருவார்கள். ஆனால் திராட்சைக்குச் செம்பு கலந்த போர்டோக் கலவை தெளிக்கும் வழக்கம் உண்டு, செம்பு நண்டினத்துக்கு நஞ்சு. மருந்து தெளிக்காத வீட்டுப் பந்தல் கொடி கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் பின்கண்ணாடியில் தென்னை நார்ப் பாயைக் கட்டித் தொங்கவிடுவது போதும்.

உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தைப் பற்றி ஒரு வரிக்குமேல் எழுத மனமில்லை: அதில் நண்டை வைக்கக் கூடாது.

தொட்டி ஒட்டுவதற்கு முன் ஒரு கேள்வி இருக்கிறது. விற்பனைக்கு வரும் நிலத் துறவி நண்டுகள் ஏறத்தாழ எல்லாமே கடற்கரையில் பிடித்தவை. குஞ்சுப் பருவம் கடல்நீரில் மிதந்து கழிய வேண்டும் என்பதால் வீட்டில் இனப்பெருக்கம் மிக அரிது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கிருந்து எந்த உயிரையும் எடுத்துவரச் சட்டம் இடம் தருவதில்லை. சுற்றுலா போன இடத்திலிருந்து பிளாஸ்டிக் டப்பாவில் குழந்தைக்கு நண்டு கொண்டுவரும் பழக்கம் நிற்க வேண்டும் என்பதை அழுத்தியே சொல்கிறேன். ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டவற்றுக்கும், வளர்க்க முடியாமல் ஒருவர் இன்னொருவரிடம் கொடுப்பவற்றுக்கும்தான் இந்தக் கணக்கெல்லாம். நல்ல இடம் கிடைத்தால் அவை பத்து, இருபது ஆண்டுகளைத் தாண்டி வாழக்கூடியவை.

இரண்டில் ஒன்றுதான் என்றால் நான் நீளத் தொட்டியை எடுப்பேன், கூடலூரானாலும் ஆண்டிபட்டியானாலும். அதன் ஒரே குறை உயரம். அளவு சொல்லி ஒட்டித் தரும் ஊரில் அந்தக் குறையோடு வாழ வேண்டியதில்லை: மூன்றடி நீளம், ஓரடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்று சொல்லலாம். கண்ணாடி 15 சதுர அடி ஆகும், கொள்ளளவு ஏறக்குறைய 127 லிட்டர். எட்டு அங்குலம் மணல் போட்டாலும் மேலே பத்து அங்குலம் நிற்கும். அந்த ஈரமணல் மட்டுமே 100 கிலோவைத் தொடும் என்பதால் ஸ்டூலிலோ டிவி அலமாரியிலோ வைக்கக் கூடாது. செங்கல் அடுக்கிக் கடப்பைக் கல் போட்ட மேடை வேண்டும். மேற்கு வெயில் விழாத சுவர் பார்த்து மேடை கட்டிவிட்டு, அதன்பிறகு மணலைக் கொட்ட வேண்டும். கொட்டியபின் அந்தத் தொட்டியை யாராலும் நகர்த்த முடியாது.