வாசலும் மேடையும்

எங்க சித்தப்பா பறையடிக்கிறவர். நான் எம்.ஏ. தமிழ் படித்த கல்லூரியில் ஒருமுறை கலைவிழாவுக்கு அவரையும் அவரோட செட்டையும் கூப்பிட்டிருந்தாங்க. "விருந்தாளி கார்ல வந்து எறங்குறப்ப வாசல்ல அடிங்க, அது போதும். மேடையில கச்சேரி இருக்கு" என்றார் ஒரு பேராசிரியர். சித்தப்பா அடித்தார். கூலியை வாங்கிக்கொண்டு பஸ் ஏறும்போது சொன்னார்: "சாவு வீட்லயும் வாசல்லதான்டா நிறுத்துவான். காலேஜ்லயும் அதே எடந்தான்." ஜாஸ் இசையின் வரலாற்றை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வாசல் ஞாபகம் வருகிறது.

அமெரிக்காவில் லூசியானா மாநிலத்து நகரம் நியூ ஆர்லியன்ஸ். அடிமைகள் ஞாயிற்றுக்கிழமை கூடலாம், ஆனால் மேயர் காட்டும் ஒரே இடத்தில்தான் கூடலாம் என்று 1817இல் அங்கே சட்டம் போட்டார்கள். அப்படி ஒதுக்கப்பட்ட ஊர்க்கோடிப் பொட்டல்தான் காங்கோ சதுக்கம். அங்கே மேளம் அடித்தார்கள், ஆடினார்கள், கையில் இருந்த பண்டங்களை விற்றார்கள். தென் கரோலினாவில் 1739 அடிமைக் கிளர்ச்சிக்குப் பிறகு மேளத்தையே தடை செய்திருந்தார்கள். மேளம் ஆளைத் திரட்டும் என்பது ஆண்டைகளுக்கு நன்றாகத் தெரியும்.

காங்கோ சதுக்கத்துத் தாளம், தேவாலயப் பாட்டு, ப்ளூஸ், தெருவில் போகும் பித்தளை வாத்தியக் குழு எல்லாம் கலந்து இந்த நகரத்தில் ஜாஸ் பிறந்தது. அங்கேயும் சாவுக்கு வாத்தியம் உண்டு. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. கறுப்பின மக்கள் தங்களுக்குள் சங்கம் வைத்துச் சந்தா கட்டி, தங்கள் சாவுக்குத் தாங்களே வாத்தியம் வைத்துக்கொண்டார்கள். நம்மிடம் அது அடுத்தவன் சாவுக்கு அடித்தே ஆக வேண்டிய ஊழியமாகத் திணிக்கப்பட்டது. இரண்டையும் ஒன்றென்று சொல்லிவிடக் கூடாது.

அந்த நகரத்தில் பிறந்த லூயி ஆம்ஸ்ட்ராங் உலகமெல்லாம் வாசித்தார். 1956இல் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து வாசிக்கக் கூடாதென்று லூசியானா சட்டம் போட்டது. அவர் குழுவில் இரு நிறத்தாரும் இருந்தார்கள். சொந்த ஊரில் வாசிக்க மாட்டேன் என்று நின்றார். குடிமை உரிமைச் சட்டம் வந்த பிறகு 1965இல்தான் திரும்பி வந்து வாசித்தார்.

இதே காலத்தில், 1962இல், ஊர் ஓட்டல்காரர்கள் ஒரு ஜாஸ் விழாவுக்கு ஆசைப்பட்டார்கள். நியூபோர்ட் விழாவை நடத்திவந்த ஜார்ஜ் வெய்னைக் கேட்டார்கள். சேர்ந்து வாசிக்கவும் முடியாது, ஒரே ஓட்டலில் தங்கவும் முடியாது என்றிருக்கும்போது விழா எங்கே நடத்துவது? கைவிட்டார்கள். வெய்ன் வெள்ளையர், அவர் மனைவி கறுப்பினப் பெண். அப்படிப்பட்ட திருமணத்தை லூசியானா சட்டம் 1967 வரை ஏற்கவில்லை. இசை வேண்டும், இசைக்காரன் வேண்டாம் என்பது நமக்குப் புதுசா என்ன?

1970 ஏப்ரலில் விழா தொடங்கியது, அதே காங்கோ சதுக்கத்தில். மகாலியா ஜாக்சனும் டியூக் எலிங்டனும் வந்திருந்தார்கள். பார்க்க வந்தவர்கள் சுமார் 350 பேர். வாசித்தவர்கள் அதைவிட அதிகம். கட்டணம் 3 டாலர். அன்றைக்கு அந்தச் சதுக்கத்தின் அதிகாரப்பூர்வப் பெயர் என்ன தெரியுமா? பூரெகார்ட் சதுக்கம். அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தளபதியின் பெயர். மக்கள் வாயில் மட்டும் அது காங்கோ சதுக்கமாகவே இருந்தது. அரசுக் காகிதத்தில் அந்தப் பெயர் ஏற 2011 ஆயிற்று.

கூட்டம் பெருகவே 1972இல் விழா குதிரைப் பந்தய மைதானத்துக்குப் போனது. 2001இல், ஆம்ஸ்ட்ராங் நூற்றாண்டில், சுமார் 6,50,000 பேர் வந்ததாகக் கணக்கு. ஆனால் யார் பண்பாடு, யாருக்கு வருமானம் என்ற கேள்வி 1970களின் இறுதியிலேயே எழுந்துவிட்டது. கறுப்பினச் செயல்பாட்டாளர்கள் திரண்டு எதிர்த்தார்கள். அதன் பிறகே கறுப்பினக் கைவினைஞர்களும் கலைஞர்களும் தங்கள் பொறுப்பில் நடத்த, கொயிண்டு என்ற தனிப்பகுதி விழாவுக்குள் வந்தது. அதுதான் பின்னாளில் காங்கோ சதுக்கம் என்று பெயர் பெற்றது. யாரும் தானமாகக் கொடுக்கவில்லை, சண்டை போட்டு வாங்கியது.

2005 ஆகஸ்டில் கத்ரீனா புயல். கரை உடைந்து நகரம் மூழ்கியது. கறுப்பின ஏழைகளில் பலர் ஊர் திரும்பவே முடியவில்லை. அடுத்த வசந்தத்தில், 2006இல், விழா நடந்தது. வாத்தியக்காரர்கள் வெளியூர்களிலிருந்து வந்து வாசித்துவிட்டுப் போனார்கள். வாசிக்க மேடை இருந்தது, குடியிருக்க வீடில்லை. இன்றைக்கு நுழைவுச்சீட்டு விலை 3 டாலரைப் போல் பல மடங்கு. அந்த இசையைப் பெற்ற தெருவின் கூலிக்காரர்கள் எத்தனை பேரால் வாங்க முடியும்?

அமெரிக்கக் கறுஞ்சிறுத்தைகளைப் பார்த்து 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் எழுந்தார்கள். அவர்களிடமிருந்து நாம் கற்க இன்னொன்றும் உண்டு. மேடை கிடைத்ததோடு சண்டை முடியவில்லை. கணக்குப் புத்தகம் யார் கையில், வாசலில் சீட்டுக் கிழிப்பது யார், நிகழ்ச்சியைத் தீர்மானிப்பது யார் என்று அவர்கள் கேட்டார்கள்.

இப்போது பறை நகரத்து மேடைகளில் ஏறுகிறது. மகிழ்ச்சிதான். சித்தப்பாவிடம் சொன்னேன். பறையைத் தீயில் காய்ச்சிக்கொண்டே கேட்டார்: "மேடை சரிடா. விழாவ நடத்துறது யாரு?"