பொலநறுவையிற் சோழர் கற்றளி

ஈழத்தின் பழைய தலைநகர்களுள் அநுராதபுரத்தை அடுத்து வைத்தெண்ணப்படுவது பொலநறுவை. பராக்கிரமபாகு மன்னனையும் பராக்கிரம சமுத்திரத்தையும் பற்றிப் பாடசாலையிலே படித்த நம் வாலிபருட் பலர், அந்நகரில் இன்று நிற்குங் கட்டடங்களுள் மிகப் பழையது சைவாலயமொன்றே என்பதை அறியார். வானவன்மாதேவி ஈச்சரம் என்பது அதன் பெயர். தொல்பொருளாராய்ச்சிப் பகுதியார் அதனை இரண்டாம் சிவதேவாலயம் என வழங்குவர்.

993ஆம் ஆண்டளவில் இராசராச சோழனின் படை ஈழத்தின் வடபாகத்தைக் கைக்கொண்டது. பொலநறுவை சனநாதமங்கலம் என்னும் பெயரோடு சோழரின் தலைநகராயிற்று. 1017இல் இராசேந்திரன் காலத்துப் படை ஐந்தாம் மகிந்தனைச் சிறைபிடித்துச் சென்றது. பன்னீராண்டு சோழநாட்டிலிருந்து அங்கேயே அவன் இறந்தான். 1070இல் விசயபாகு சோழரை வெளியேற்றினான். இவ்விடைக்காலத்தில், சோழ அரசியொருத்தியின் பெயரால் எழுந்ததே இக்கோயில்.

சென்ற விடுமுறையில் தமக்கையார் குடும்பத்தாருடன் அங்குச் சென்றிருந்தோம். கோயில் சிறியது. ஆனால் அடி முதற் சிகரம் வரை முற்றுங் கல். சுற்றியுள்ள செங்கற் கட்டடங்கள் கூரையிழந்து கிடக்க, இது மட்டும் விமானத்தோடு நிற்கின்றது. கருவறையில் இலிங்கமும் உண்டு. அதிராசேந்திர சோழன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டொன்று திருவிளக்கெரிக்க அளித்த கொடையைக் கூறுகின்றது. அவன் ஆட்சியோடு ஈழத்திற் சோழராட்சியும் முடிந்தமையை நினைத்தால் நெஞ்சு கனக்கும்.

எட்டு வயது மருமகன் கேட்டான்: “மாமா, இதைக் கட்டினது எங்கட ஆக்களோ?” அத்தான் முந்திக்கொண்டு, “ஓம், எங்கட ஆக்கள்தான்” என்றார். காலையில் வழிகாட்டி சொன்னதைக் கேட்டிருந்த பையன் விடவில்லை. “அப்ப விகாரையளை உடைச்சதும் எங்கட ஆக்களோ?”

அத்தான் பேசாதிருந்தார். போர்க்காலம் என்று சொல்லித் தப்பலாம். ஆனால் சோழர் படை தாதுகர்ப்பங்களை உடைத்துப் பொன்னும் மணியும் கவர்ந்ததென்று சூளவம்சம் கூறுகின்றது. கோயிலைக் கட்டிய புகழை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை மறைத்தல் வரலாறாகாது. ஆகவே “ஓம்” என்றே சொன்னேன்.

அதனோடு கதை முடிந்துவிடவில்லை. திருகோணமலைக்கருகிலுள்ள வெல்கம் விகாரை சோழர் காலத்தில் இராசராசப் பெரும்பள்ளி எனப் பெயர் பெற்றது. அங்கு விளக்கெரிக்கத் தமிழ்ப் பௌத்தர் கொடையளித்ததைத் தமிழ்க் கல்வெட்டுக்கள் கூறுகின்றன. இனி, சோழரை வென்ற விசயபாகுவின் காலத்திற்கு வருவோம். கந்தளாயிற் சிவன் கோயிலொன்று அவன் பெயரால் விசயராச ஈச்சரம் எனப்பட்டது. பிராமணப் பெண்ணொருத்தி அதற்கு அளித்த கொடையைப் பாலமோட்டைக் கல்வெட்டுச் சொல்லும். அக்கொடையைக் காக்கும் பொறுப்பு வேளைக்காரப் படையினரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதே வேளைக்காரர், விசயபாகு பொலநறுவையிற் கட்டுவித்த தளதாக் கோயிலையுங் காப்பதாக உறுதிகூறித் தமிழிற் கல்வெட்டு நாட்டினர். வானவன்மாதேவி ஈச்சரத்திலிருந்து சிறிது தூரத்திலுள்ள தளதா முற்றத்தில் அக்கல் இன்றும் நிற்கின்றது. புத்தரின் தந்தத்தைக் காத்த தமிழ்ப் படையைப் பற்றி இரு பகுதியாரும் இக்காலத்திற் பேசக் காணோம்.

பிள்ளைகளோடு செல்வோர் காலையிலேயே போய்விடல் நன்று. உச்சி வெயிலிற் கல் சுடும். பாதரட்சை கழற்றவேண்டிய இடங்களிற் சின்ன மருமகளைத் தூக்கியே திரிந்தோம். அவசரப்பட்டு எல்லாவற்றையும் பார்க்க முயலும் பெரியவர்கள் ஒன்றையும் பார்ப்பதில்லை. முதலாம் சிவதேவாலயத்தில் 1907, 1908ஆம் ஆண்டுகளில் பெல் என்பார் அகழ்ந்தெடுத்த செப்புத் திருமேனிகள் இன்று அக்கோயிலில் இல்லை. நடராசர் முதலிய அவ்வுருவங்களைப் பற்றிச் சேர் பொன்னம்பலம் அருணாசலம் ஆராய்ந்தெழுதியிருக்கின்றார். அவற்றுட் பலவற்றைக் கொழும்பு நூதனசாலையிற் காணலாம்.