சைட்டேஷன்ல வராத சரக்கல்விளைக்காரர்

ஒரு கன்ட்ரோல் தியரி ஆராய்ச்சியாளரோட தாக்கத்தை எப்படி அளப்பீங்க? சைட்டேஷன் எண்ணிக்கைன்னு சொல்வீங்க. சென்னையில் பிறந்து, யேல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான நரேந்திரா, பார்த்தசாரதியோட சேர்ந்து 1990-ல் நியூரல் நெட்வொர்க் பற்றி எழுதின கட்டுரைக்கு ஆயிரக்கணக்கில் மேற்கோள்கள் இருக்கு.

இப்போ எங்க குமரி மாவட்டத்துக்கு வாங்க. சரக்கல்விளையில் 1957-ல் பிறந்தவர் கே. சிவன். தமிழ் வழிப் பள்ளி, நாகர்கோவில் இந்துக் கல்லூரியில் கணிதம், அப்புறம் எம்.ஐ.டி. 1982-ல் இஸ்ரோவில் சேர்ந்தார். பி.எச்டி வாங்கினது 2006-ல்தான்!

அவரோட பெரிய வேலை ‘சிதாரா’ங்கிற மென்பொருள். ராக்கெட் எங்கே போகுது, எப்படித் திரும்புதுன்னு ரெண்டையும் சேர்த்துக் கணக்கிடும். இன்னொண்ணு, ஏவுற நாளில் அளந்த காற்றுக்கு ஏத்தபடி பாதையை மாத்துற உத்தி. காற்று பக்கவாட்டில் தள்ளினா ராக்கெட் உடம்புல சுமை ஏறும். இந்த உத்தி அதைக் குறைக்குது.

இதையெல்லாம் சைட்டேஷன் பட்டியல்ல தேடினா சிவன் சின்னதாத்தான் தெரிவார். கோட் எழுதுற எனக்கு இது நல்லாப் புரியுது: கட்டுரையைப் படிச்சவங்க மேற்கோள் காட்டுவாங்க, மென்பொருளை ஓட்டுறவங்க ராக்கெட்டை ஏவிட்டு அடுத்த வேலைக்குப் போயிடுவாங்க. வேலைக்கோ பதவிக்கோ ஆள் எடுக்கும்போது எண்ணிக்கையை மட்டும் பார்த்தா, இப்படிப்பட்டவங்களைத்தான் முதல்ல தவற விடுவோம்.