மூஸ் வேட்டையும் கொஞ்சம் கணக்கும்

துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனால் அதுதான் வேட்டை என்று நினைத்திருந்தேன். அலாஸ்கா வரலாற்றைப் படித்த பிறகுதான் தெரிந்தது, பாதி வேலை கணக்குதான்! வணிகவியல் மாணவனுக்கு வேறென்ன வேண்டும்?

மான் இனத்திலேயே பெரியது மூஸ். நன்கு வளர்ந்த ஆண் மூஸில் சுமார் 225 கிலோ இறைச்சி தேறும். சாலையே இல்லாத மலைக்குப் போவதோ, விமானியோடு இன்னும் ஒருவர் மட்டும் உட்காரும் குட்டி விமானத்தில். எத்தனை நடை அடிப்பது? திட்டம் இங்கேதான் தொடங்குகிறது. ஏனென்றால், இறைச்சியைக் காட்டில் அழுகவிட்டுக் கொம்பை மட்டும் கொண்டு வந்தால் குற்றம்.

இந்தக் கண்டிப்புக்கு வயது அதிகம். தங்கம் தேடி ஆட்கள் குவிந்த சில ஆண்டுகளிலேயே, 1902-ல், அமெரிக்க நாடாளுமன்றம் அலாஸ்காவுக்கு வேட்டைச் சட்டம் போட்டது. உணவுக்காக வேட்டையாடும் பழங்குடியினருக்கு விலக்கும் தந்தது.

1980-ல் வந்த சட்டம், மத்திய அரசு நிலங்களில் கிராமத்தாரின் உணவுத் தேவைக்கே முன்னுரிமை என்றது. 1989-ல் மாநில உச்ச நீதிமன்றமோ, இப்படி முன்னுரிமை தருவது மாநில அரசியலமைப்புக்கு முரண் என்று தீர்ப்பளித்தது. விளைவு? 1990 முதல் மத்திய நிலத்தில் ஒரு விதி, மாநில நிலத்தில் இன்னொரு விதி!

ஆகவே வரைபடத்தை விரித்ததும், நிலம் யாருடையது என்று முதலில் பார்க்க வேண்டும். வெளியூர்க்காரருக்கு ஒரு மூஸ் தப்பினால் சொல்ல ஒரு கதை கிடைக்கும். கிராமத்துக் குடும்பத்துக்கு அது குளிர்காலச் சாப்பாடு. முன்னுரிமை யாருக்கு? நீங்களே சொல்லுங்கள் நண்பர்களே!