மனையும் மருத்துவமனையும்: தமிழர் மகப்பேற்று வரலாறு

நற்றிணையின் நாற்பதாம் பாடல் ஒரு பேறுகால இல்லத்தின் இரவைக் காட்டுகிறது. காவல் மிகுந்த மனையில் மணி ஒலிக்கிறது. மணல் பரப்பிய பந்தரில் பாணர் காவல் இருக்கின்றனர். ஒருபால் மகளிர் நற்சொல் கேட்க நிற்கின்றனர். ஈன்றணிமையின் மணம் மாறாத செவிலியின் பக்கத்தில் புதல்வன் உறங்குகிறான். ஐயவி அணிந்து, நெய்யாடி நீராடிய தாய் கண்ணயர்ந்து கிடக்கிறாள். பரத்தையிற் பிரிந்திருந்த தலைவன் நள்ளிரவில் திருடனைப் போல உள்ளே வருகிறான்.

அவ்வீட்டுக்கு உரியவனே அன்று அயலானாக நுழைகிறான் என்பது கருதத்தக்கது. பேறுகால மனை மகளிரின் ஆட்சிக்குட்பட்டது. அங்கே அறிவும் துணையும் காவலும் அவர்களுடையன. 'புனிறு' என்னும் சொல்லுக்கு ஈன்றணிமை எனப் பொருள் வகுத்த தொல்காப்பியம், அந்நிலைக்கெனத் தனிச்சொல் ஒன்று தமிழில் வழங்கியதற்குச் சான்றாகும்.

ஆயினும் நற்றிணைப் புலவர் காட்டுவது பேற்றுக்குப் பிந்திய அமைதியையே. வலியின் பொழுதைப் பற்றி நம் இலக்கியம் பெரிதும் வாய் திறப்பதில்லை. பத்துப் பருவங்களைப் பாடும் பிள்ளைத்தமிழும் குழந்தையின் மூன்றாம் திங்களில் காப்புப் பருவத்தோடுதான் தொடங்குகிறது. பெண் ஒருத்தி உயிருக்கும் இறப்புக்கும் இடையில் கிடந்த அந்தச் சில நாழிகைகள், பாடுவோர் அறியாத கதவுக்குப் பின்னால் நிகழ்ந்தன. அக்கதவு வீட்டுக் கதவாக இருந்து மருத்துவமனைக் கதவாக மாறிய வரலாறு ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகளுக்கு உட்பட்டது.

தாயை எதிர்பார்த்த மகள்

அக்கதவுக்குள் ஒருமுறை நம்மை அழைத்துச் செல்வது திருச்சிராப்பள்ளித் தலபுராணம். எல்லப்ப நாவலரின் செவ்வந்திப் புராணம் கூறும் கதை பலரும் அறிந்தது. வணிகர் குலத்து இரத்தினாவதி நிறைசூலியாய் இருக்கிறாள். பூம்புகாரிலிருந்து புறப்பட்ட அவள் தாய், காவிரி வெள்ளத்தால் அக்கரையில் தடைப்படுகிறாள். இறைவன் அத்தாயின் வடிவில் வந்து பேறு பார்க்கிறான். வெள்ளம் வடிந்தபின் உண்மைத் தாய் வந்து சேர, ஒரே வடிவில் இருவர் நிற்கக் கண்டு மகள் திகைக்கிறாள். தாயுமானவர் என்னும் திருப்பெயர் அதனால் வந்தது என்பர். நற்பேறு வேண்டி அங்கு வாழைத்தார் படைக்கும் வழக்கம் இன்றும் தொடர்கிறது.

சமயப் பொருளை ஒருபுறம் வைத்துப் பார்த்தாலும் இக்கதை ஒரு சமூக உண்மையைப் பதிந்திருக்கிறது. அப்பெண்ணுக்கு வேண்டியிருந்தவை இரண்டு: பேறு பார்க்கத் தெரிந்த கை, அச்சத்தை ஆற்றும் தாயின் முகம். இறைவன் மருத்துவன் வடிவில் வந்திருக்கலாம். தாயின் வடிவிலேயே வந்தான் என்று புராணம் பாடியது. தலைப்பிரசவத்தைத் தாய்வீட்டில் வைத்துக்கொள்ளும் தமிழர் வழக்கமும் இவ்விரு தேவைகளின் வழியே வந்ததாகும்.

மருத்துவச்சியின் கை

கதையில் இறைவன் செய்த பணியை ஊர்களில் செய்தவள் மருத்துவச்சி. நாவிதர் குலப் பெண்டிரே பெரும்பாலும் இத்தொழிலில் இருந்தனர். அக்குலத்தார்க்கு 'மருத்துவர்' என்னும் பெயர் வழங்குவது அத்தொழில் மரபின் சுவடு. தாயிடமிருந்து மகளும் மாமியிடமிருந்து மருமகளும் கண்டு பயின்ற அறிவு அது. வயிற்றைத் தடவிப் பிள்ளையின் கிடையை அறிதல், வலியின் போக்கைக் கொண்டு பொழுதை மதித்தல், எண்ணெய் தேய்த்து இடுப்பு நோவைத் தணித்தல், பேற்றுக்குப் பின் தாயையும் சேயையும் பல நாள் நீராட்டி மருந்து கொடுத்தல் என விரிந்தது அவள் பணி. கூலியாக நெல்லும் புடவையும் வெற்றிலைபாக்கில் வைத்த காசும் பெற்றாள்.

அவளைச் சமூகம் நடத்திய முறை நன்றியுடையதன்று. உயிரை ஏந்திய கை தீட்டுக்குரிய கையாகக் கருதப்பட்டது. பெற்றவளும் அத்தீட்டில் பங்கு கொண்டாள். காற்றோட்டமில்லாத புறவறையிலும் கொல்லைப்புறத்துக் கொட்டகையிலும் பழந்துணி விரித்து அவளைக் கிடத்துவது பல குடும்பங்களில் வழக்கமாயிற்று. ஐயவியும் நெய்யாட்டும் மணந்த நற்றிணை மனைக்கும் இவ்வறைக்கும் தொலைவு மிகுதி.

மருத்துவச்சியின் அறிவுக்கு எல்லையும் இருந்தது. பிள்ளை குறுக்கே கிடந்தாலும், நஞ்சுக்கொடி உள்ளே தங்கினாலும், உதிரம் நில்லாது பெருகினாலும் அவளால் ஆவது சிறிதே. கொடியறுத்த கத்தியின் அழுக்கும், கொப்பூழில் இட்ட சாம்பலும் சாணமும் பிறந்த சில நாள்களிலேயே குழந்தைக்கு வில்வாத இசிவைத் தந்தன. 'பிள்ளைப்பேறு மறுபிறப்பு' என்று பெண்டிர் கூறிவந்தது அணிநலம் கருதிய கூற்றன்று. அவர்கள் கண்ட இழப்புகளின் கணக்கு.

மருத்துவமனை அளித்த அச்சம்

சென்னையில் மகப்பேற்றுக்கென அரசு மருத்துவமனை தோன்றிய ஆண்டு 1844. அது 1882இல் எழும்பூரில் இன்றுள்ள இடத்துக்கு வந்தது. ஆயினும் அக்காலத்தில் மருத்துவமனையே பாதுகாப்பானது என்று எவரும் உறுதி கூறியிருக்க இயலாது. மருத்துவ அறிவின் தலைநகர்களுள் ஒன்றாயிருந்த வியன்னாவின் நிலையே இதற்குச் சான்று.

வியன்னாப் பொதுமருத்துவமனையில் மகப்பேற்றுக் கூடங்கள் இரண்டிருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவரும் மற்றதில் மருத்துவச்சியரும் பயின்றனர். 1846இல் மாணவர் கூடத்தில் நூற்றுக்குப் பதினொருவருக்கு மேற்பட்ட தாய்மார் இறந்தனர். மருத்துவச்சியர் கூடத்தில் இறந்தோர் நூற்றுக்கு மூவருக்கும் குறைவு. முதற்கூடத்தில் தம்மைச் சேர்க்கவேண்டா எனப் பெண்கள் மன்றாடினர். பிணம் அறுத்த கையோடு மாணவர்கள் பேறு பார்க்க வருவதே காரணம் என்று உணர்ந்தார் இக்னாஸ் செம்மல்வைஸ். 1847 மே மாதம் முதல் குளோரின் கலந்த சுண்ணநீரில் கை கழுவிய பின்னரே பெண்களைத் தொடவேண்டும் என விதித்தார். அடுத்த ஆண்டில் அக்கூடத்தின் இறப்பு 1.27 விழுக்காடாகக் குறைந்தது. மருத்துவ உலகமோ அவர் சொல்லை ஏற்கவில்லை. 1865இல் மனநோய் விடுதி ஒன்றில் அவர் இறந்தார். மருத்துவமனைக்கு அஞ்சிய அன்றைய பெண்ணை அறியாமையுடையவள் என்று இகழ்வது வரலாற்றுக்குப் பொருந்தாது.

செம்மல்வைஸ் கை கழுவச் சொன்ன அதே 1847இல் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் மருத்துவமனை நடத்தியதோடு, மேலைமருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க முனைந்தார். டப்ளின் மருத்துவர் மான்செலின் மகப்பேற்று நூலைத் தழுவி 1857இல் 'பிரசவ வைத்தியம்' வெளியாயிற்று. பேறு பற்றிய புதிய அறிவை ஆங்கிலம் அறியாதவரும் பெறவேண்டும் என்ற அவர் துணிபு தமிழ் அறிவியல் உரைநடையின் தொடக்கங்களுள் ஒன்று. தமிழ்க்கவிஞர் பாடாத பொழுதைத் தமிழ் உரைநடை முதன்முதல் விரிவாகப் பேசியது இத்தகைய நூல்களில்தான்.

வாயிலில் நின்ற மருத்துவர்

அறிவு வந்தபின்னும் கதவு திறக்கவில்லை. ஆடவர் மருத்துவர் பெண்ணைத் தொடுவதைக் குடும்பங்கள் ஏற்கவில்லை. தாய்மார் பலரும் அதற்கு உடன்படவில்லை. சென்னையில் வாழ்ந்த ஆங்கில வழக்கறிஞரின் மனைவி மேரி ஷார்லீப் இதனைக் கண்டு, முதலில் பேறு பார்க்கும் தொழிலைப் பயின்றார். 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி சேர்த்துக்கொண்ட முதல் நான்கு பெண்களுள் அவர் ஒருவர். இலண்டனில் மேற்பட்டம் பெற்று மீண்டு, 1885இல் கோஷாப் பெண்களுக்கும் சாதியாசாரம் பேணும் பெண்களுக்குமெனத் தனி மருத்துவமனையைத் தோற்றுவித்தார். திருவல்லிக்கேணியில் இன்றும் மக்கள் 'கோஷா ஆஸ்பத்திரி' என்றழைக்கும் கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை அதுவே. வீட்டின் மறைவை மருத்துவமனைக்குள் கொண்டுவந்தபோது பெண்கள் படியேறினர்.

1890களில் திண்டிவனத்தில் நிகழ்ந்தது இதனினும் கொடிது. மருத்துவ மிஷனரியின் மகளான இளம்பெண் ஐடா ஸ்கட்டரின் வாயிலுக்கு ஒரே இரவில் மூன்று கணவர்கள் தனித்தனியே வந்தனர். ஒருவர் அந்தணர், ஒருவர் இசுலாமியர், மற்றவர் உயர்சாதி இந்து. மூவர் மனைவியரும் பேற்றுவலியில் துடித்துக்கொண்டிருந்தனர். ஐடா மருத்துவம் அறியாதவர். அறிந்திருந்த தந்தையை அழைத்துச்செல்ல மூவரும் மறுத்தனர். மறுநாள் விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். அவ்வீடுகளில் முடிவெடுத்தவர் கணவர். உயிரை இழந்தவள் மனைவி. அவளை எவரேனும் கேட்டிருந்தால் என்ன விடை கூறியிருப்பாள் என்பதை வரலாறு எழுதிவைக்கவில்லை.

ஐடா அமெரிக்கா சென்று 1899இல் மருத்துவப் பட்டம் பெற்றுத் திரும்பினார். 1902இல் வேலூரில் மருத்துவமனையும் 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் அவர் முயற்சியால் எழுந்தன. புதுக்கோட்டையில் பிறந்த முத்துலெட்சுமி ரெட்டி 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். பேற்று அறையின் வாயிலில் நிறுத்தப்பட்ட மருத்துவத்துக்குப் பெண் மருத்துவர் என்னும் வழி இவ்வாறு பிறந்தது.

இருபதாம் நூற்றாண்டின் மாற்றம்

சென்னை மாகாணம் 1926இல் செவிலியர், மருத்துவச்சியர் சட்டத்தை இயற்றிப் பயிற்சிக்கும் பதிவுக்கும் ஒழுங்கு வகுத்தது. எழும்பூரில் பணியாற்றிய ஆ. இலட்சுமணசாமி முதலியாரின் மகப்பேற்று மருத்துவ நூல் 1938இல் வெளிவந்து, பல தலைமுறை மாணவர்க்குப் பாடநூலாயிற்று. 1930களின் பிற்பகுதியில் சல்பா மருந்துகளும், 1940களில் பெனிசிலினும், குருதி ஏற்றும் முறையும் பரவின. செம்மல்வைஸ் காலத்து மருத்துவமனை வேறு, இம்மருத்துவமனை வேறு. உதிரப்போக்குக்கும் காய்ச்சலுக்கும் விடையுடைய இடமாக அது மாறியபோது, மனையின் துணை மட்டும் போதாது என்பது தெளிவாயிற்று.

ஊர் மருத்துவச்சியருக்கும் பயிற்சி அளிக்கப்பட்டது. கை, பேறு நிகழும் இடம், கத்தி, நூல், கொப்பூழ் ஆகிய ஐந்தின் தூய்மை அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. பின்னர்ப் பேறுகள் மருத்துவமனைக்கு நகர, அவர்கள் தொழில் தேய்ந்தது. வாய்மொழியாய் நின்ற அவர்கள் அறிவில் கொள்ளத்தக்கதையும் தள்ளத்தக்கதையும் முறையாகப் பிரித்தெழுதும் பணி மிகக் குறைவாகவே நடந்தது.

தமிழகத்தில் 1987இல் முத்துலெட்சுமி ரெட்டியின் பெயரால் மகப்பேறு உதவித்திட்டம் வந்தது. இருபத்துநான்கு மணி நேரமும் செவிலியர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் பெருகின. 2008இல் 108 ஊர்தி வந்தது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 1998-99இல் தமிழகத்துப் பேறுகளில் 79 விழுக்காடு மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. 2019-21இல் அது 99.6 விழுக்காடு. 2018-20ஆம் ஆண்டுக் கணக்கில் இலட்சம் பேறுகளுக்கு இறந்த தாய்மார் 54 பேர். இவ்வெண்களின் பின்னே உயிர் பிழைத்த பெண்கள் இருக்கின்றனர்.

எஞ்சிய கேள்வி

இருப்பினும் மனைப்பேற்றை நாடும் குரல் அண்மையில் மீண்டும் எழுந்துள்ளது. 2018இல் திருப்பூரில் யூடியூப் காணொளியின் துணைகொண்டு வீட்டில் பேறு பார்க்க முயன்றபோது ஓர் இளம்பெண் உதிரப்போக்கால் இறந்தார். அங்கே பழைய மனை மீளவில்லை. பழைய மனையில் பல பேறு கண்ட கை இருந்தது. இங்கே அக்கையும் இல்லை, மருத்துவமும் இல்லை. இம்முயற்சியைக் கண்டிப்பது கடமை. அதனோடு, பெண்கள் மருத்துவமனையை அஞ்சுவது ஏன் எனக் கேட்பதும் கடமை.

அதே 2019-21 ஆய்வில் தமிழகத்துப் பேறுகளில் 44.9 விழுக்காடு அறுவைப் பேறுகள். இந்திய அளவில் 21.5 விழுக்காடு. இவையனைத்தும் தாய்க்கோ சேய்க்கோ தேவைப்பட்டவை என்று கொள்ளுதல் அரிது. வலியில் அலறும் பெண்ணை ஏசும் சொற்களும், மறைப்பின்றிக் கிடத்தும் கட்டில்களும் பெண்டிர் தம்முள் பேசிக்கொள்ளும் செய்திகள். எல்லாவற்றினும் மேலாக, மருத்துவமனை அவள் தாயை வெளியே நிறுத்தியது. உயிரைக் காத்த அவ்விடத்தில் அவள் தனியளானாள்.

இக்குறையை உணர்ந்து 2004இல் தமிழக அரசு மருத்துவமனைகளில் பேறுகாலத் துணைத் திட்டம் கொண்டுவரப்பட்டது. பெண் உறவினர் ஒருவர் பேற்றறையில் உடனிருக்க அது வழிவகுத்தது. தாய் விரும்பும் துணை உடனிருக்க வேண்டும் என உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்தது. 1844இல் திறந்த மருத்துவமனைக் கதவு பெற்றவளின் தாய்க்குத் திறக்க நூற்றறுபது ஆண்டுகள் ஆயின. நெரிசலையோ தூய்மையையோ காரணம் காட்டி அவளைத் திருப்பியனுப்பாமல் அத்திட்டத்தை ஒவ்வொரு பேற்றறையிலும் நிலைநிறுத்துவதே இனி வேண்டுவது.

மனையா, மருத்துவமனையா என்னும் வினாவுக்கு உயிர்க்காப்பின் அளவில் வரலாறு விடை தந்துவிட்டது. ஆயினும் இரத்தினாவதி வேண்டிய இரண்டனுள் ஒன்றைத் தந்து மற்றதை மறுக்கும் எவ்விடமும் குறையுடையதே. திறமுடைய கையும் தாயின் முகமும் ஒரே அறையில் அமையும்போதுதான், அன்று காவிரியின் அக்கரையில் தடைப்பட்ட அந்தத் தாய் உரிய நேரத்தில் மகளிடம் வந்து சேர்ந்தவளாவாள்.